அக்கா சிரிப்புக்கு பேக்கப் இல்லை

எங்கள் அத்தான் வீட்டில் தும்முவதென்றால்கூட அனுமதி வாங்கிக்கொண்டுதான் தும்ம வேண்டும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஒருமுறை எனக்குத் தும்மல் முட்டிக்கொண்டு வந்தபோது அவர் விரலை உயர்த்தி, "இரு, இரு" என்று சைகை காட்டி, மைக்கை என் மூக்குக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு, "ம், இப்ப தும்மு" என்றார். வந்த தும்மல் வந்த வழியே போய்விட்டது. "ஒரு தும்மலைக்கூட உருப்படியா தும்மத் தெரியலையே உனக்கு" என்று திட்டு வேறு வாங்கினேன்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். ஒரு நாடகக் குழுவுக்கு ஒலி அமைப்பாளர். மேடையில் மழை பெய்தால், கதவு தட்டப்பட்டால், எலும்பு முறிந்தால், அதெல்லாம் அவர் கைவேலை. அதே குழுவில் நடிகர்களுக்கு உடை தைப்பவள் நான். அவர் எனக்கு வைத்த பெயர் வாயாடி. அவர் வீட்டில் எல்லோருடைய வாயையும் அடைத்தவர், என் வாயை மட்டும் அடைக்க முடியவில்லை என்ற ஆத்திரத்தில் வைத்த பெயர் அது.

சும்மா சொல்லக்கூடாது, வேலையில் மனிதர் கெட்டிக்காரர். காய்ந்த பட்டாணியைத் தட்டில் உருட்டினால் மழை. கேரட்டை ஒடித்தால் எலும்பு. தோல் கையுறை இரண்டை ஒன்றோடொன்று அடித்தால் புறா பறக்கும். நாடகத்தன்று கம்ப்யூட்டர் பெட்டியையே அரங்குக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர், பதிவையெல்லாம் வீட்டில் உட்கார்ந்துதான் செய்வார். அப்போது வாசல் கதவில் "பதிவு நடக்கிறது" என்ற அட்டை தொங்கும். மின்விசிறி நிற்கும். ஃபிரிட்ஜ் உறுமக்கூடாது என்று அதன் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். பிடுங்குவதோடு சரி, திரும்பச் சொருகும் பழக்கம் கிடையாது. அந்த வீட்டில் கெட்டுப்போன பாலை ஊற்றினால் ஒரு குளமே நிரம்பும்.

யாராவது வாயைத் திறந்தால், "உஷ்! மைக் ஆன்ல இருக்கு." அக்கா பாத்திரம் கழுவினால் உஷ். நாற்காலியை நகர்த்தினால் உஷ். சிரித்தால் மிகப் பெரிய உஷ்.

சிரிப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் அக்கா சிரித்தால் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். முதலில் ஒரு விக்கல் மாதிரி கிளம்பி, நடுவில் மூச்சு வாங்கி, பிறகு அணை உடைந்த மாதிரி கொட்டும் சிரிப்பு. கல்யாணமான புதிதில் அத்தான் ஒரு புது மைக் வாங்கி, அதைச் சோதித்துப் பார்க்க நாற்காலியில் உட்கார்ந்தார். அது நாடகத்துக்காக ஒரு காலை அறுத்துப் பொய்யாக ஒட்டி வைத்திருந்த நாற்காலி. அறுத்தவரே அவர்தான். மறந்துபோய் உட்கார்ந்து மல்லாக்க விழுந்தார். அக்கா சிரித்த சிரிப்பை மைக் முழுசாக வாங்கிக்கொண்டது.

அந்த ஒரு சிரிப்பை வைத்துத்தான் எங்கள் குழு இவ்வளவு காலம் பிழைப்பு நடத்தியது. மகாராணி சிரித்தால் அது அக்கா. பேய் சிரித்தால் அது அக்கா. குழாயடியில் யாரோ சிரித்தாலும் அக்காதான். வழக்கமாக வரும் ரசிகர்கள் அந்தச் சிரிப்பு வந்தவுடன் பழைய சிநேகிதியைப் பார்த்த மாதிரி கைதட்டுவார்கள்.

இதெல்லாம் போதாதென்று அத்தானுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பேக்கப். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், மனிதர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எல்லா ஒலிகளுக்கும் நகல் எடுப்பார். பென் டிரைவ் ஒன்று வீட்டுச் சாவிக் கொக்கியில், ஒன்று நாடக அரங்கின் அலமாரியில், ஒன்று என் தையல் மிஷின் இழுப்பறையில்.

"எதுக்கு அத்தான் என் வீட்டுல?" என்று கேட்டேன்.

"எங்க வீடு தீப்பிடிச்சா?"

"நல்ல வார்த்தையே வராதா உங்க வாயில?"

"வாயாடி, இதெல்லாம் தொலைநோக்கு. உனக்குப் புரியாது."

வாராவாரம் என் வீட்டுக்கு வந்து பழைய பென் டிரைவை எடுத்துக்கொண்டு புதியதை வைத்து, ஒரு டீயும் குடித்துவிட்டுப் போவார். கூடவே ஓர் உபதேசம். "ஃபோட்டோ எல்லாம் ஃபோன்லேயே வெச்சிருக்கியே, ஃபோன் தொலைஞ்சா? காப்பி எடு, காப்பி எடு!" ஒருமுறை அக்கா தன் ஃபோனில் இருந்த ஃபோட்டோக்களைத் தவறுதலாக அழித்துவிட்டாள். அதைச் சொல்லிச் சொல்லியே அவளை ஒரு வழி பண்ணிவிட்டார். அக்கா தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவள், பொறுமைசாலி. நானாக இருந்தால் அந்த பென் டிரைவைக் கொக்கியோடு பிடுங்கி எறிந்திருப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் குழு ஒரு புது நாடகம் போட ஆரம்பித்தது. மாடியில் ஒரு பெண் குடியிருக்கிறாள். அவள் மேடைக்கு வரவே மாட்டாள். அவள் சிரிப்பு மட்டும்தான் வரும். கீழ்வீட்டில் ஒரு சிடுமூஞ்சி கிழவர் அந்தச் சிரிப்போடு சண்டை போட்டுப் போட்டு, கடைசியில் அது கேட்காத நாளில் தவித்துப்போகிறார். பிறகு அது திரும்பக் கேட்கிறது, திரை விழுகிறது. அக்காவின் சிரிப்பை மனதில் வைத்தே டைரக்டர் எழுதிய நாடகம். நகரின் பெரிய அரங்கம் முதல் தடவையாக எங்களைக் கூப்பிட்டிருந்தது.

அரங்கேற்றத்துக்குச் சில வாரங்களே இருக்கும்போது அத்தான் வீட்டுக்குப் போயிருந்தேன். கதவில் அட்டை தொங்கியது. உள்ளே மனிதர் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத்தில் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு மைக்கை நீட்டியிருந்தார்.

"என்ன அத்தான் பண்றீங்க?"

"உஷ்! கேளு. பெட்டிக்குள்ள டிக், டிக், டிக்னு ஒரு சத்தம். காலையிலேர்ந்து வருது. என்ன அழகா தாளம் தப்பாம வருது பாரு! சுவர்க் கடிகாரத்துக்கு இதையே வெச்சுக்கலாம்."

ஆக, மூச்சு விட முடியாமல் திணறிக்கொண்டிருந்த ஹார்ட் டிஸ்கின் கடைசி முனகலை ரசித்து ரசித்துப் பதிவு செய்தார் எங்கள் அத்தான். எதில் சேமித்தார்? அதே ஹார்ட் டிஸ்கில். சேமிக்கும் பொத்தானை அமுக்கினார், டிக் டிக் நின்றது, திரை கறுத்தது.

எனக்குப் பகீரென்றது. அவரோ அலட்டிக்கொள்ளவே இல்லை. கொக்கியில் தொங்கிய பென் டிரைவை விரலில் சுழற்றிக்கொண்டு, "இதுக்குத்தான் அத்தான் வேணும்கிறது. வா, ரிப்பேர் கடைக்குப் போவோம்" என்று மாப்பிள்ளை மாதிரி நடந்தார்.

ரிப்பேர் கடைக்காரம்மா கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வேலை செய்பவர். ஹார்ட் டிஸ்கைக் காதில் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "பேக்கப் இருக்கா சார்?"

"இருக்காவா?" என்று அத்தான் மூன்று பென் டிரைவையும் மேஜையில் வரிசையாக வைத்தார். அரங்கின் அலமாரியில் இருந்ததையும் என் வீட்டிலிருந்ததையும் வழியில் எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தோம்.

கடைக்காரம்மா ஒன்றைத் தன் கம்ப்யூட்டரில் சொருகினார். மழை, கதவு, பறவை, மனிதர் என்று அத்தான் பெயரிட்ட பெட்டிகள் அழகாகத் தெரிந்தன. ஒன்றைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. இன்னொன்று. அதுவும் இல்லை. அடுத்த பென் டிரைவ், அதற்கடுத்தது. கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார்.

"சார், இது எதுவுமே ஃபைல் இல்ல. எல்லாம் ஷார்ட்கட். ஓரத்துல குட்டி அம்புக்குறி தெரியுது பாருங்க."

"அப்படின்னா?"

"வீட்டுக்கு வழி காட்டுற பலகை மாதிரி. திரையில இருந்த படத்தை அப்படியே இழுத்து இதுல போட்டிருக்கீங்க. வீட்டை விட்டுட்டீங்க, பலகைக்கு மட்டும் காப்பி எடுத்திருக்கீங்க."

"அதெப்படி? வாராவாரம் திறந்து பார்ப்பேனே! நல்லா கேக்குமே!"

"எந்தக் கம்ப்யூட்டர்ல பார்ப்பீங்க?"

"என் கம்ப்யூட்டர்லதான்."

"அங்கதானே வீடு இருந்துச்சு. பலகை சரியா வழி காட்டியிருக்கும்."

அத்தான் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாகிவிட்டது. எனக்கே என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நகல் எடுத்தால் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறதே என்று அவர் ஒரு நாளாவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். "என் சிஸ்டம் அவ்வளவு வேகம்" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டதுதான் மிச்சம். கடைக்கு வெளியே வந்ததும் அவர் பேசிய முதல் வாக்கியம், "உங்க அக்காகிட்ட இதை மூச்சு விடாதே." அக்காவிடம் பென் டிரைவில் வைரஸ் என்று சொல்லிச் சமாளித்தார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கடைக்காரம்மா விடவில்லை. டிஸ்கைத் தெரிந்த ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, தேறியதையெல்லாம் வாங்கிக் கொடுத்தார். நிறையவே தேறியிருந்தது. ஆனால் ஒன்றுக்கும் பெயர் இல்லை. ஊர் பேர் தெரியாத ஒலிகளை உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு அடையாளம் காண வேண்டியதாயிற்று. "இது மழை" என்பார் அவர். "இல்ல, எண்ணெயில ஏதோ பொரியுது" என்பேன் நான். புறா என்று நினைத்து ஒன்றை ஒதுக்கி வைத்தோம். அது அத்தானே மூக்குச் சிந்தியது.

கடைசியில் சிரிப்பும் வந்தது. அக்காவின் அந்த விக்கல் கிளம்பியது. இருவரும் நாற்காலி நுனிக்கு வந்தோம். அதற்குப் பிறகு கரகரவென்று ஒரே இரைச்சல். அவ்வளவுதான். அந்த இடத்தில் டிஸ்க் கெட்டுவிட்டிருந்தது. அத்தான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார், அடுத்த தடவை மீதியும் வந்துவிடும் என்பது போல.

டைரக்டருக்கு விஷயம் போனது. இணையத்திலிருந்து ஒரு சிரிப்பை வாங்கிப் போட்டுப் பார்த்தார்கள். பற்பசை விளம்பரம் மாதிரி இருந்தது. "அண்ணே, இது வேலைக்கு ஆகாது. அந்தச் சிரிப்பு இல்லேன்னா இந்த நாடகமே இல்ல. பெரிய அரங்கத்துக்கு வர முடியாதுன்னு சொல்லிடட்டுமா?" என்றார் டைரக்டர்.

"சிரிச்சவ வீட்டுலதானே இருக்கா? இன்னொரு தரம் சிரிச்சா போச்சு" என்றார் அத்தான். டைரக்டர் போன பிறகு குரல் இறங்கிவிட்டது. "நாடகம் கிடக்கட்டும், வாயாடி. அவ அப்படிச் சிரிச்சதுக்கு அடையாளமா என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான்."

மறுநாள் மத்தியானம் அக்காவை மைக் முன்னால் உட்கார வைத்தோம். "சிரிக்கச் சொன்னா சிரிக்க நான் என்ன பொம்மையா?" என்றாள் அவள். அத்தான் ஒரு நகைச்சுவைத் துணுக்குச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. டைரக்டரைப் போலவே இடுப்பில் கை வைத்து நடந்து காட்டினார். பிறகு, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, தலை நரைத்த மனிதர் ஒரு நாற்காலியின் காலை அறுத்து, அதில் உட்கார்ந்து, மறுபடி மல்லாக்க விழுந்தார்.

அக்கா சிரித்தாள். தோள் இரண்டும் குலுங்கின, கண்ணில் நீர் வந்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கினாள்.

அத்தான் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே ஓடிவந்து ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டார். புடவை உரசும் சத்தம். மூச்சு. வேறு ஒன்றுமில்லை.

"கொஞ்சம் சத்தமா சிரிம்மா."

"சத்தமாத்தானே சிரிச்சேன்?"

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியவே இல்லை. எத்தனையோ வருஷமாக எங்கள் கண்ணெதிரில் அக்கா இப்படித்தான் தோளால் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள். நாங்களும் பார்த்துப் பழகிவிட்டோம். "இருங்க, இன்னொரு தரம்" என்று அவள் வாயைத் திறந்து "ஹா ஹா" என்று சொல்லிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போல இருந்தது. "வர மாட்டேங்குதுங்க" என்றாள், தப்பு செய்தவள் மாதிரி.

எனக்கு வந்ததே கோபம்! "எப்படி வரும்? எப்படி வரும்ங்கிறேன்! இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து உஷ், உஷ், உஷ்! அவ சிரிக்க வாயெடுக்கிறப்பெல்லாம் அடைச்சது யாரு? ஊர்ல இருக்கிற கதவுச் சத்தத்தையெல்லாம் சேர்த்து வெச்சீங்க, கட்டின பொண்டாட்டி சிரிப்பைத் தொலைச்சிட்டீங்க. ஹார்ட் டிஸ்க் மேல பழி போடாதீங்க, அத்தான்!"

"போதும்டி" என்றாள் அக்கா. அத்தான் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன், ஆனால் பேசியதில் ஒரு எழுத்தைக்கூட வாபஸ் வாங்க மாட்டேன்.

அதற்கடுத்த நாள் அக்காவுக்கு விடுமுறை. நான் உடைகளுக்குப் பொத்தான் தைக்க அங்கே போயிருந்தேன். கதவில் அட்டை இல்லை. மின்விசிறி சுற்றியது. ஃபிரிட்ஜ் தன் இஷ்டத்துக்கு உறுமிக்கொண்டிருந்தது. மைக்குகள் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டிருந்தன. அத்தான் மூன்று பென் டிரைவையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அக்கா எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இதுல வைரஸ் இல்ல."

"பின்னே?"

"ஒண்ணுமே இல்ல. எப்பவுமே இருந்ததில்ல. நான் காப்பி எடுத்ததெல்லாம் வெறும் ஷார்ட்கட். வீட்டுக்கு வழி காட்டுற பலகையாம். வீட்டை விட்டுட்டு பலகையை மட்டும் பத்திரமா வெச்சிருந்திருக்கேன்."

அக்கா அவரையே பார்த்தாள். "வாராவாரம் எடுத்தீங்களே?"

"வாராவாரம் பலகைதான்."

"தீப்பிடிச்சா ஆகும்னு இவ வீட்டுல ஒண்ணு வெச்சீங்களே?"

"அதுவும் பலகைதான்."

"என் பிறந்த நாளுக்குப் படத்துக்குப் போலாம்னு கிளம்பி நின்னப்போ, இன்னைக்கு வெள்ளிக்கிழமைன்னு செருப்பைக் கழட்டிட்டு உட்கார்ந்தீங்களே?"

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். "அன்னைக்கு ரெண்டு தரம் எடுத்தேன்."

அக்காவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. ஃபோட்டோவைத் தொலைத்ததற்காக இவரிடம் வாங்கிய உபதேசமெல்லாம் அவளுக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "ரெண்டு தரமா?" என்று கேட்க வாயைத் திறந்தாள்; கேள்வி பாதியில் உடைந்தது. ஒரு விக்கல் கிளம்பியது. உடனே பழக்க தோஷம், பட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு மிரண்டு அவரைப் பார்த்தாள்.

அத்தான் எட்டி அவள் கையைப் பிடித்து வாயிலிருந்து எடுத்தார். "சிரி. எந்த மைக்கும் ஆன்ல இல்ல."

அப்புறம் வந்தது பாருங்கள் சிரிப்பு! மூச்சு வாங்கி, நின்று, மறுபடி கொட்டியது. பென் டிரைவைச் சுட்டிக் காட்டிக் காட்டிச் சிரித்தாள். "பலகை... பலகைக்குத் தீப்பிடிச்சா..." என்று முடிக்க முடியாமல் மேஜையில் கவிழ்ந்தாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நான் ஊசியைக் கையில் குத்திக்கொண்டு சிரித்தேன். அத்தானும் சிரித்தார், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

டைரக்டர் ஃபோனில் கேட்டார்: "அண்ணே, சிரிப்பு கிடைச்சிடுச்சாமே! ரெக்கார்டு பண்ணீங்களா?"

"இல்ல."

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க?"

"அவளையே கூட்டிட்டு வரேன்."

அரங்கேற்றத்தன்று பக்கத் திரைக்குப் பின்னால் அக்காவுக்கு ஒரு நாற்காலி போட்டோம், நான்கு காலும் உறுதிதானா என்று நானே ஆட்டிப் பார்த்து. சிரிக்க வேண்டிய இடம் வந்ததும் அத்தான் ஒரு பென் டிரைவை அவள் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. கடைசிக் காட்சியில் அவளால் நிறுத்தவே முடியவில்லை; கிழவராக நடித்தவர் மேடையில் காத்திருந்து காத்திருந்து தானும் சிரித்துவிட்டார். அரங்கமே சேர்ந்து சிரிக்கத் திரை விழுந்தது. அத்தான் கைதட்டவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போது அத்தான் ஒழுங்காக பேக்கப் எடுக்கிறார். எடுத்ததை ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோய் அவர்கள் கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்ட பிறகுதான் நம்புகிறார். வாராவாரம் இந்தத் தொல்லையா என்று கடைக்காரம்மா என்னைக் கண்டால்கூட முறைக்கிறார். அக்காவின் சிரிப்பை மட்டும் இன்னும் பதிவு செய்யவில்லை. கேட்டால், "அதுதான் தினமும் கேக்குதே" என்கிறார்.

அவர் வீட்டில் கதவு அட்டை கிடையாது, உஷ் கிடையாது, பாலும் கெடுவதில்லை. தெருவில் திரும்பும்போதே அக்கா குரல் கேட்கிறது. மழைக்கும் கதவுக்கும் எலும்புக்கும் அமைதியான இடம் வேண்டுமே என்று மனிதர் மைக், பட்டாணி, கையுறை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார். போன வாரம் என் சொந்த வீட்டில், என் சொந்தத் தையல் மிஷின் முன்னால், மூக்கைப் பிடித்துக்கொண்டு அனுமதிக்காகக் காத்து நின்றேன்.